துருவ மண்ணும் பாசியும்: மாதிரி எடுப்பது எப்படி?

அண்டார்டிகாவில் பயிரும் இல்லை, பூச்சிமருந்து தெளிப்பாரும் இல்லை. ஆனாலும் 1960களிலேயே அங்குள்ள அடெலி பெங்குவின்களின் உடலில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் எச்சம் கண்டறியப்பட்டது. வெப்பமான இடங்களில் ஆவியாகும் இந்த நஞ்சுகள் குளிரில் படிந்து, மீண்டும் எழும்பி, தாவித் தாவித் துருவம் சேர்கின்றன. எளிதில் சிதையாததால் நிலைத்த கரிம மாசுகள் எனப்படும் இவற்றைத் தேடி முதல்முறை மண், பாசி மாதிரி எடுப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு.

படி 1: இடம்
ஆய்வு நிலையத்தை விட்டு விலகிச் செல்லுங்கள். பழைய மின்கருவிகளிலிருந்தும் பெயின்டிலிருந்தும் கசிந்த பிசிபி (இவ்வகை மாசுகளில் ஒன்றான தொழிற்சாலை வேதிப்பொருள்), தொலைவிலிருந்து வந்ததோடு கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். பறவைகள் கூடுகட்டும் இடங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கடலில் இரை தின்ற பறவைகள் எச்சத்தின் வழியே மாசை நிலத்தில் இறக்குகின்றன. நார்வேயின் பியோர்னோயா தீவில், அருகருகே உள்ள இரு ஏரிகளில் ஒன்றில் மட்டும் பிசிபி மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். அனுமதி விதிகளை முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

படி 2: கருவிகள்
பிளாஸ்டிக் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி, கண்ணாடிக் குப்பி, அலுமினியத் தாள் போதும். கரண்டியை அசிட்டோன், ஹெக்சேன் ஆகிய கரைப்பான்களால் கழுவுங்கள். குப்பியையும் தாளையும் 450 டிகிரி செல்சியஸில் சுட்டெடுங்கள்.

படி 3: எடுத்தல்
இங்கே பாசி என்பது நிலத்தில் படரும் மோஸ் (moss). அதற்கு உண்மையான வேர் இல்லை. நீரையும் சத்தையும் பெரும்பாலும் காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் பெறுவதால், காற்று கொண்டுவந்த மாசை அது நன்றாகக் காட்டும். பசுமையான மேல்நுனியை மட்டும் கிள்ளுங்கள். துருவத்தில் பாசி மிக மெதுவாகவே வளரும். ஒரே திட்டில் நிறைய எடுப்பது கொடுமை. மண்ணில் மேல் 5 சென்டிமீட்டர் போதும்.

படி 4: வெற்று மாதிரி
எதை விட்டாலும் இதை விடாதீர்கள். மாதிரி எடுக்கும் நேரம் முழுவதும் ஒரு காலிக் குப்பியைத் திறந்து வைத்து, பிறகு மூடி, மற்றவற்றோடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நாம் தேடுவது ஒரு கிராம் மாதிரியில் நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு), அதற்கும் குறைவான அளவு. நம் கையுறையும் உடையும் கப்பல் புகையும் அதைவிட அதிகம் சேர்த்துவிடக்கூடும். காலிக் குப்பியில் தென்படும் மாசு நம்முடையது, துருவத்தினுடையது அல்ல.

படி 5: பாதுகாத்தல்
உடனே உறைய வையுங்கள். மைனஸ் 20 டிகிரி போதும்.

படி 6: முடிவைப் படித்தல்
மண்ணின் முடிவுகளைக் கரிமக் கார்பன் (மட்கிய உயிர்ப்பொருளில் உள்ள கார்பன்) அளவோடு சேர்த்தே ஒப்பிடுங்கள். இம்மாசுகள் அதில்தான் ஒட்டிக்கொள்கின்றன. விலங்குகளில் கொழுப்பு அந்த இடத்தைப் பிடிக்கிறது. வெற்று மாதிரிகளின் சராசரியோடு அவற்றின் திட்டவிலக்கத்தை (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவீடு) போல மூன்று மடங்கைக் கூட்டுங்கள். அந்த அளவைத் தாண்டாத எதையும் 'கண்டறியப்பட்டது' என்று எழுதாதீர்கள்.