இடக்கை பேஸ் கிட்டாரை மேம்படுத்த: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

இடக்கை பேஸுக்கு உதிரி வாங்கக் கிளம்பும் முன், எந்தப் பாகத்துக்கு இடம் வலம் உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கம்பியை முறுக்கும் நான்கு சாவியும் (ட்யூனர்) ஒரே வரிசையில் இருந்தால் இடக்கை செட்தான் பொருந்தும். நெக்கின் முனையில் கம்பிகள் தங்கும் பள்ளக் கட்டையான நட், உடலின் மேல் மூடும் பிக்கார்டு, குமிழ்கள் பொருந்தும் கன்ட்ரோல் பிளேட் மூன்றும் அப்படித்தான், இடக்கைக்கானதுதான் பொருந்தும். உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், ஜாஸ் பேஸ் (இரண்டு பிக்கப் உள்ள பேஸ் மாடல்) பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம், கேபிள் செருகும் ஜாக், கெப்பாசிட்டர் எல்லாம் இரு கைக்கும் பொது. பிரிட்ஜில் பார்க்க வேண்டியது திருகுத் துளைகளின் இடமும் கம்பி இடைவெளியும்தான். வழக்கமான இடைவெளி 19 மி.மீ. 'லெஃப்ட் ஹேண்ட்' என்று சொல்லி இந்தப் பொதுப் பாகங்களுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

வலக்கை பேஸைக் கவிழ்த்து வாசிக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். நட்டை மாற்றிவிடலாம். ஆனால் குமிழ்கள் முன்னங்கைக்கு அடியில் வந்துவிடும், நெக் ஓரத்துப் புள்ளிகள் தரையைப் பார்க்கும், மேல் ஃப்ரெட்டுகளுக்கு (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகள்) கை எட்டாது.

பலர் கவனிக்காத இடம் வால்யூம் பாட், அதாவது குமிழுக்கு அடியில் இருக்கும் மாறுதடை. விலை குறைந்த இடக்கை பேஸ்கள் பலவற்றில் வலக்கைக்கான 'ஏ' வகை பாட்டையே (தடை முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறும் வகை) கால்களை, அதாவது ஒயர் சேரும் முனைகளை, மாற்றிப் பற்றவைத்திருப்பார்கள். குமிழைக் குறைத்துக்கொண்டே போனால் பெரும்பகுதி தூரத்துக்கு மாற்றமே தெரியாது. கடைசியில் சத்தம் திடீரென்று விழுந்துவிடும். ஏ வகையில் நடுத் திருப்பத்தில் ஒரு பக்கம் மொத்தத் தடையில் 10 முதல் 15 சதவீதம்தான் இருக்கும். கால்களை மாற்றினால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. மல்டிமீட்டரில் சோதிக்கலாம்: பாட்டின் ஒயர்களை எடுத்துவிட்டு, குமிழை நடுவில் வைத்து, நடுக்காலுக்கும் ஓரக்கால்களுக்கும் இடையே அளவெடுங்கள். 250 கிலோ ஓம் பாட்டில் இரு பக்கமும் 125 காட்டினால் தடை ஒரே சீராக ஏறும் 'பி' வகை. ஒரு பக்கம் 25 முதல் 40 வரை மட்டும் காட்டினால் ஏ வகையோ, அதற்கு நேர் எதிரான சி வகையோ.

இடக்கைக்குச் சரியானது 'சி' வகை, 250 கிலோ ஓம். இதை உள்ளூர்க் கடைகளில் தேடி அலைவதைவிட ஆன்லைனில் வாங்குவது சுலபம். அது வரும்வரை பி வகை போதும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பெரிய பாட்டில் பிளேட் துளைக்குள் நுழையும் திருகுக் கழுத்து 9.5 மி.மீ. இருக்கும், மலிவு பேஸின் துளை அதைவிடச் சிறியதாக இருக்கும். டிரில்லை அழுத்தினால் பிளேட் வளையும். ரீமரால் கொஞ்சம் கொஞ்சமாகத் துளையைப் பெரிதாக்குங்கள்.

இனி ஜாஸ் பேஸ் ஒயரிங். பாட்டின் முதுகு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடக்கைக்கு இடது கால் எர்த், நடுக்கால் பிக்கப், வலது கால் வெளியீடு. பிக்கப்பையும் வெளியீட்டையும் இடம் மாற்றினால் ஒரு வால்யூமைப் பூஜ்ஜியமாக்கும்போது இரண்டு பிக்கப்பும் அடங்கிவிடும். டோன் பாட்டில் நடுக்காலும் இடது காலும் மட்டும் போதும், அவற்றோடு 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், மேலே 473 என்று அச்சிட்டிருக்கும். பாட் முதுகில் எர்த் பற்றவைக்க 25 வாட் பற்றவைப்பு இரும்பு போதாது. சூடு ஏற நேரமாகி உள்ளே தடம் கெடும், பற்றும் பிடிக்காது. முதுகை உப்புத்தாளால் தேய்த்து, 60 வாட் இரும்பை வைத்துச் சட்டென்று முடியுங்கள்.

திருவிழா மேடையில் சீரியல் செட், டிம்மர், ஜெனரேட்டர் மூன்றும் பக்கத்திலேயே இருக்கும். ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப் அந்த இரைச்சலையெல்லாம் இழுக்கும். பேஸின் உடலில் பிக்கப்பும் ஒயரும் இருக்கும் குழிக்குள் செப்புப் பட்டை ஒட்டுங்கள். துண்டுகள் சேரும் இடங்களில் ஒரு பொட்டு ஈயம் வைத்து எர்த்தோடு இணைத்துவிடுங்கள். ஜாக்கின் முனை பட்டையைத் தொட்டால் சத்தமே வராது, அங்கே இன்சுலேஷன் டேப் கட்டாயம்.

நெக் வளைவை மதுரை வெயிலுக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு ஒரு முறை பாருங்கள். காற்றின் ஈரத்தோடு மரம் மாறும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால், எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கடியில் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடுக்கு இடம் வலம் கிடையாது: கடிகாரச் சுற்றில் திருப்பினால் இறுகி நெக் நிமிரும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பேஸை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பசை இளகும்.

வேலை முடிந்ததும் ஆம்பில் மாட்டிக் கம்பியைத் தொடுங்கள். இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜ் எர்த் சரி. எந்த மாற்றமும் இல்லையென்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் ஒயர் விட்டுப்போயிருக்கும். மேடையில் பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் வாயை மைக்கருகே கொண்டுபோகும் முன், மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்துக் கம்பிக்கும் மைக்கின் உடலுக்கும் இடையே அளந்துவிடுங்கள். சில வோல்டுக்கு மேல் காட்டினால் கோளாறு பேஸில் இல்லை, மேடை எர்த்தில். எலக்ட்ரீஷியன் அதைச் சரிசெய்யும்வரை பேஸையும் மைக்கையும் சேர்த்துத் தொடாதீர்கள்.