பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்கு என்.ஐ.ஓ.எஸ்.: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தசைச் சிதைவு, நீண்டகால நோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு எனப் பல காரணங்களால் வகுப்பறைக்குப் போக முடியாத பிள்ளைகளும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெறலாம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். அதற்கு நல்ல வழி. பலரும் சறுக்குவது சேர்க்கையின்போதுதான்.

முதலில், அவசரப்பட்டு டி.சி. வாங்காதீர்கள். என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிரம்ப வேண்டும். பத்து வயதில் டி.சி. வாங்கினால் நடுவே நான்கு ஆண்டுகள் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தருகிறது. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் பெயர் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து கற்பிக்கும் சிறப்பாசிரியரைப் பற்றி, உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளுக்கு உதவும் கல்வி அலுவலகமான வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

ஏஜென்ட் மூலம் சேர்ப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. படிவத்தில் ஏஜென்ட் தன் கைபேசி எண்ணைப் போட்டுவிடுவார். பிறகு ஓடிபி, ஹால் டிக்கெட், அசைன்மென்ட் எல்லாவற்றுக்கும் அவரையே கெஞ்ச வேண்டும். உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்து நீங்களே இணையத்தில் பதிவு செய்யுங்கள். பெயரையும் சரிபாருங்கள்: பிறப்புச் சான்றிதழில் ‘கவின்’, ஆதாரில் ‘கவின் செல்வம்’, பழைய பள்ளியில் ‘எஸ். கவின்’ என்று இருந்தால், முதலில் ஒன்றாக்கிவிட்டுச் சேருங்கள்.

அதிகம் யோசிக்க வேண்டியது பாடத் தேர்வு. ஐந்து பாடங்கள் போதும். அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். கணிதம் கட்டாயமில்லை. ‘எளிது’ என்று கேள்விப்பட்டு ஓவியம், மனையியல், டேட்டா என்ட்ரி எடுப்பார்கள். இவற்றுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, அதற்கு நேரில் போக வேண்டும். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே தேற வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்குச் சமூக அறிவியல், பொருளியல், வணிகவியல், உளவியல் போன்றவை பொருந்தும். ஆனால் பாலிடெக்னிக் போன்ற எண்ணம் இருந்தால், அங்கே கணிதமும் அறிவியலும் கேட்பார்களா என்று இப்போதே பாருங்கள்.

ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வைப்பது பெரிய தவறு. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். தேர்வெழுத 9 வாய்ப்புகள் கிடைக்கும். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. தேறிய பாடம் கணக்கில் நிற்கும். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் என்று போனால், சிகிச்சையும் படிப்பும் மோதாது.

டி.எம்.ஏ. எனப்படும் அசைன்மென்டைக் கெடு தாண்ட விடாதீர்கள். இறுதி மதிப்பெண்ணில் அதற்கு 20 சதவீதம். வீட்டிலேயே நிதானமாக எழுதலாம் என்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய கைகொடுப்பு.

சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் தேவை என்றால், மாற்றுத்திறன் சான்றிதழைச் சேர்க்கையின்போதே பதிவேற்றுங்கள். தேர்வு நெருங்கியபின் கேட்டால் அனுமதி நேரத்துக்கு வராமல் போகலாம். அனுமதி கிடைத்தாலும் பழக்கம் வேண்டும். தலைக்குள் விடையைக் கோத்து, கேட்பவர் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வது தனித் திறமை. மூன்று மாதம் முன்பிருந்தே, பாடம் தெரியாத ஒருவரை எதிரில் உட்கார வைத்து, வாரம் ஒரு முழு வினாத்தாளைச் சொல்லி எழுத வையுங்கள்.