அரசியல் அறிவியல் பேராசிரியர் பணி: டெல்டா மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கும்பகோணம் கல்லூரி 1854-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. ஆயினும் இப்பகுதிக் கல்லூரிகளில் தமிழ், வரலாறு, பொருளியல், வணிகவியல் துறைகளைக் காணும் அளவுக்கு அரசியல் அறிவியல் துறையைக் காண முடியாது. ஆகவே அதை முதுகலையில் படிக்க விரும்பும் மாணவர் சிதம்பரம், சென்னை, புதுச்சேரி என்று வெளியூர் செல்கிறார். அல்லது தொலைநிலைக் கல்வியில் சேர்கிறார். துறைகள் சிலவே என்பதால் பணியிடங்களும் சிலவே. இந்நிலையில், தவறாக எடுத்த ஒரு முடிவு ஐந்தாறு ஆண்டுகளை விழுங்கிவிடுகிறது. இத்தவறுகளில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் நேர்கின்றன என்பது என் கருத்து. அரசமைப்புச் சட்டத்தின் உறுப்புகளை எண் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள்கூடத் தங்கள் பணிக்குரிய விதிமுறைகளைத் தாங்களே எடுத்துப் படிக்காமல், மூத்த மாணவர் சொன்னதையும் பயிற்சி மையத்தில் கேட்டதையும் நம்பிவிடுகிறார்கள்.

முதல் தவறு பாடத் தேர்விலேயே தொடங்குகிறது. பொது நிர்வாகமும் பன்னாட்டு உறவுகளும் அரசியல் அறிவியலோடு நெருங்கிய பாடங்கள்தாம். ஆனால் அவற்றில் முதுகலை முடித்தவர் அரசியல் அறிவியல் பணியிடத்துக்குத் தகுதியானவரா என்பதை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையும் இணைத்தன்மை (ஒரு பட்டம் மற்றொன்றுக்கு நிகரானது என ஏற்பது) குறித்த அரசாணைகளுமே முடிவு செய்கின்றன. சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று இணைத்தன்மை ஆணையைத் தேடுவதால் பயனில்லை. அது விண்ணப்பிக்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். அஞ்சல் வழியில் படிப்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாண்டு இளங்கலை என்ற வரிசையில் படிக்காமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தைத் தமிழ்நாடு அரசு பணி நியமனத்துக்கு ஏற்பதில்லை.

அடுத்தது தகுதித் தேர்வு. அரசியல் அறிவியலில் உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், அதனுடன் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் வேண்டும். உரிய விதிமுறைப்படி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு அத்தேர்ச்சியிலிருந்து விலக்கு உண்டு. பல்கலைக்கழகப் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற நிபந்தனை முதலில் 2021-க்கும் பின்னர் 2023-க்கும் தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜூன் மாதத் திருத்தத்தின் வழியே நீக்கப்பட்டது. இந்தத் திருத்தத்தை அறியாமல், ‘முனைவர் பட்டம் முடியட்டும், பிறகு நெட் எழுதலாம்’ என்று தள்ளிப்போடுவோரை இன்றும் காண்கிறோம். வரிசை தலைகீழாக இருப்பதே நல்லது. முதுகலை இறுதியாண்டில், படித்தது நினைவில் இருக்கும்போதே, நெட் எழுத வேண்டும். அத்தேர்வின் வழியே தரப்படும் இளநிலை ஆய்வு நிதியுதவியும் கிடைத்துவிட்டால் மாதம் 37,000 ரூபாய் வரும். அதைக் கொண்டு, வீட்டிலிருந்து பணம் கேட்காமல் முனைவர் பட்ட ஆய்வைத் தொடரலாம். அந்நிதியுதவிக்கு வயது வரம்பு இருப்பதால் இதைத் தள்ளிப்போடவும் இயலாது. செட் தேர்ச்சி அதை நடத்திய மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. காரைக்கால் எல்லையை ஒட்டி வாழ்ந்து, புதுச்சேரிக் கல்லூரிப் பணிக்கும் விண்ணப்பிக்க எண்ணும் ஒருவருக்கு இது நடைமுறையில் பெரிய வேறுபாடு.

நெட் தேர்வின் 300 மதிப்பெண்ணில் 100 முதல் தாளுக்குரியது. கற்பித்தல் திறன், ஆய்வு முறை, தருக்கம், தரவு விளக்கம் ஆகியவற்றைக் கேட்கும் அந்தத் தாளைப் பாடத்தில் வல்லவர்கள் புறக்கணிக்கிறார்கள். இரு தாள்களின் மதிப்பெண்ணையும் கூட்டியே தேர்ச்சி முடிவாகிறது என்பதால் அங்கே இழந்ததைப் பாடத் தாளில் மீட்பது கடினம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் பயின்றவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் அறிந்துகொள்ளும் பழக்கத்தை இளங்கலையிலேயே தொடங்கிவிட வேண்டும். மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டே மத்திய இடஒதுக்கீட்டுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டுப் பின்னர் தவிப்பவர்களும் உண்டு. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்தோர் பிரிவைச் சாராதவர் என்று குறிப்பிடும் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் தனியாகப் பெற வேண்டும்.

நல்ல மாணவர்கள் பலரின் ஆண்டுகளைக் கரைக்கும் தவறு இதற்கு அடுத்ததுதான். தகுதித் தேர்வு முடியும் முன்னரே கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து, அனுபவம் கூடட்டும் என்று காத்திருக்கிறார்கள். அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியம், ஆண்டில் 11 மாதங்களுக்கு. தனியார் கல்லூரிகளில் அதுவும் இல்லை. காலையில் பாபநாசத்திலோ வலங்கைமானிலோ பேருந்து ஏறி, இரண்டு சுழற்சி வகுப்புகளை எடுத்து, தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்தமும் முடித்து இரவு வீடு திரும்புபவருக்குப் படிப்பதற்கு என்ன நேரம் மிஞ்சும்? அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. அவர்கள் இல்லாவிட்டால் பல துறைகளில் வகுப்பே நடக்காது. ஆனால் அந்த ஆண்டுகள் கணக்கில் வருமா என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தற்காலிகப் பணிக்காலம் பிற்பாடு கணக்கில் சேர வேண்டுமானால், நிரந்தர ஆசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாத தொகையை அப்போது பெற்றிருக்க வேண்டும். நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். தொகுப்பூதியத்தில் கழிந்த ஆண்டுகள் இந்த அளவுகோலைத் தொடுவதில்லை.

அரசுக் கல்லூரி நியமனத்தில் அனுபவத்துக்குத் தரப்படும் இடமும் நிலையாக இருந்ததில்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-இல் வெளியிட்ட அறிவிக்கை கற்பித்தல் அனுபவத்துக்கு 15 மதிப்பெண் வரை ஒதுக்கியது. அதன்படி நியமனம் நடைபெறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு வந்த அறிவிக்கையோ எழுத்துத் தேர்வை முதன்மையாக்கியது. அந்தத் தேர்வும் தள்ளிப்போய், 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிய அறிவிக்கை வெளியானது. அனுபவ மதிப்பெண்ணை மட்டும் நம்பி நூலைத் தொடாமல் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்பதை விளக்கத் தேவையில்லை. கௌரவ விரிவுரையாளர் பணி தேவைப்படுகிறதென்றால் அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் தகுதி பெற்ற பிறகு ஏற்பதும், ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அனுபவச் சான்றிதழை வாங்கி, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பத்தைப் பெற்றுவிடுவதும் அவசியம். முதல்வர் மாறி, அலுவலகக் கோப்பு இடம் மாறி, ஏழாண்டுச் சான்றிதழை ஒரே வாரத்தில் கேட்டு அலையும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

முனைவர் பட்டத்துக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகள் எம்.ஃபில். படிப்பை நிறுத்திவிட்டன, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் அதிகமாக ஆறு ஆண்டுகளும் வரையறுத்துள்ளன. ஆய்வை வழிநடத்தும் நெறியாளரின் புகழைப் பார்த்துச் சேர்பவர்கள் அவர் ஓய்வுபெறும் ஆண்டைப் பார்ப்பதில்லை. பணி ஓய்வுக்கு மூன்றாண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது என்று விதி சொல்கிறது. பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையுமே நெறிப்படுத்தலாம். இடம் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நெறியாளரைவிடத் தலைப்பே ஆய்வாளரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. ‘காவிரி நீர்ப் பிரச்சினை: ஓர் ஆய்வு’ என்று பதிவு செய்கிறவர், 1924 ஒப்பந்தம், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பு, தமிழ்நாட்டின் பங்கை 177.25 டிஎம்சி என்று முடித்த 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என எல்லோரும் அறிந்ததை நான்கு இயல்களில் திரும்ப எழுதிவிட்டு ஐந்தாம் இயலில் பரிந்துரைகள் தருகிறார். அதில் கேள்வியே இல்லை. மேட்டூரில் திறந்த நீர் தலைஞாயிறு, வேதாரண்யம் கடைமடைக்கு வந்து சேரும் முறையை யார் முடிவு செய்கிறார்கள், முறைப்பாசனம் (முறைவைத்து நீர் விடுதல்) அறிவிக்கப்படும்போது ஊராட்சித் தலைவருக்கும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கும் நீர்வளத் துறைப் பொறியாளருக்கும் இடையே அதிகாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது கேள்வி. அதற்கு விடை தேடினால் அது கூட்டாட்சி, உள்ளாட்சி, அதிகார வர்க்கம் ஆகிய மூன்றையும் தொடும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஐப்பசி மழையில் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன் நின்று பாருங்கள். தார்ப்பாய் போர்த்திய குறுவை நெல் குவியல் குவியலாகச் சாலையோரம் கிடக்கும். பணியாளர் ஒரு கை நெல்லை அள்ளி ஈரப்பதக் கருவியில் இடுவார். 17 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அந்த நெல் 40 கிலோ மூட்டையாகாது. விவசாயி மறுபடி காயவைக்க வேண்டும், வானமோ இருண்டிருக்கும். வரம்பை 22 விழுக்காடாகத் தளர்த்துமாறு மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்லும். ஆணை வருவதற்குள் நெல் முளைவிடும். வகுப்பறையில் மத்திய மாநில உறவுகள் என்று நாம் நடத்தும் பாடம் முழுவதும் அந்தக் கருவியின் எண்ணில் இருக்கிறது. மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதே கேள்விகள் எழுகின்றன. குறிப்பேட்டுடன் அங்கே சென்று அமரும் அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் மிகக் குறைவு. மானுடவியலாளர் காத்லீன் கஃப் 1950-களிலும் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களிலும் தஞ்சைக் கிராமங்களில் தங்கி எழுதியவை உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகின்றன. இங்கேயே பிறந்து, மொழியும் வாய்க்கால் வழியும் தெரிந்த ஒருவர், நம் ஊரில் ஆராய என்ன இருக்கிறது என்று எண்ணி வல்லரசுகளின் வெளியுறவுக் கொள்கையை இணையத்திலிருந்து தொகுத்து எழுதுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அப்படித் தொகுத்து எழுதுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2018-ஆம் ஆண்டுக் கருத்துத் திருட்டு விதிமுறைகள் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைப் பொறுத்துக்கொள்கின்றன. 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடும் இதழ்களும் இதைப் போன்றே கேடானவை. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் காட்டிய யுஜிசி கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டது. ஆய்விதழின் தரத்தை இனி ஆய்வாளரும் நிறுவனமுமே மதிப்பிட வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையான அறிஞர்களா, மதிப்பீட்டாளரின் கருத்துரை நமக்கு வருகிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். நெறியாளர், துறைத்தலைவர், நண்பர் என்று பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போவதும் தவறு. பணி மதிப்பீட்டில், இருவர் எழுதிய கட்டுரைக்கு ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு மதிப்பெண்தான். அதற்கு மேற்பட்டோர் சேர்ந்தால் முதன்மை ஆசிரியர் தவிர்த்த மற்றவர்களுக்கு 30 விழுக்காடே கிடைக்கும்.

பணியில் சேர்ந்த பிறகு நேரும் தவறுகள் பெரும்பாலும் நாள்காட்டி சார்ந்தவை. முதல் பணிமேம்பாட்டுக்கு முனைவர் பட்டம் பெற்றவர் நான்கு ஆண்டுகளும், எம்.ஃபில். பெற்றவர் ஐந்து ஆண்டுகளும், இரண்டும் இல்லாதவர் ஆறு ஆண்டுகளும் பணியாற்றியிருக்க வேண்டும். பாட அறிவைப் புதுப்பிக்கும் புத்தொளிப் பயிற்சிகளையும் அதற்குள் முடித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று விட்டுவிட்டால் மேம்பாடு தள்ளிப்போகும். பேராசிரியர் நிலைக்கு வர 10 ஆய்வுக் கட்டுரைகளும், ஒருவரையேனும் முனைவராக்கிய சான்றும் தேவை என்பதால், ஆய்வு நெறியாளர் தகுதியை முனைவர் பட்டம் பெற்றதும் தாமதமின்றிக் கோர வேண்டும்.

அரசியல் அறிவியல் ஆசிரியருக்கே உரிய ஒரு சிக்கல் உள்ளது. டெல்டாவில் கட்சி சாராத வீடு அரிது. மாமா ஒன்றியச் செயலாளராகவோ அண்ணன் விவசாயிகள் சங்கப் பொறுப்பாளராகவோ இருப்பார். 1973-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், அரசுக் கல்லூரி ஆசிரியர் கட்சியில் உறுப்பினராவதையும் தேர்தலில் ஒருவருக்காகப் பணியாற்றுவதையும் தடை செய்கின்றன. அரசைக் குறைகூறிப் பொதுவெளியில் பேசுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. உள்ளாட்சித் தேர்தல் சுவரொட்டியில் உறவினர் அன்போடு சேர்த்துவிடும் ‘பேராசிரியர்’ என்ற பெயரே துறை விசாரணைக்குப் போதுமானது. ஆகவே அச்சுக்குப் போகும் முன்பே, உறவினரிடம் நேரில் சென்று, தம் பெயரையும் படத்தையும் எதிலும் போட வேண்டாம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்வது நல்லது.