"தூசுதானே" என்று விட்டுவிடாதீர்கள்: கல் வேலை செய்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

எங்கள் மாமா ஒருவர் இளவயதில் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கல்குவாரிக்குப் போனார். வெடி வைப்பதற்குப் பாறையில் துளை போடுகிற வேலை. பின்னேரம் லயத்து வாசலுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி இரண்டு உதறு உதறுவார். கோதுமை மாவு போல வெள்ளையாக எழும்பும். பிள்ளைகள் நாங்கள் அதற்குள்ளேயே ஓடி விளையாடுவோம். ஐம்பது வயதுக்குள் அவரால் பீலிக்கரையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கிவர முடியாமல் போய்விட்டது. இரண்டு தடவை காசநோய் மருந்து சாப்பிட்டார். சளியில் ஒரு முறைகூடக் கிருமி தெரியவில்லை. என்ன வேலை செய்தீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கல் தூசுக்கும் மூச்சுக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தூசில் இருந்தது, சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தருகிற சிலிக்கா. மணலும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லும் ஏறக்குறைய முழுக்க அதுதான். கிரனைட்டில் பொதுவாக நூற்றுக்கு 20 முதல் 45 பங்கு வரை இருக்கும். இலங்கையில் நம் மலையகத்துப் பாறைகள் பெரும்பாலும் நைஸ், சார்னொக்கைட், குவார்ட்சைட் வகைகள். இவற்றிலும் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது, குவார்ட்சைட்டில் மிக அதிகம். கலஹாவிலும் இரத்தோட்டையிலும் குவார்ட்ஸ் தனிப் படிவாகவே கிடைக்கிறது. செங்கல், சீமெந்துக் கல், கொங்கிரீட், தரை ஓடு என்று வீடு கட்டுகிற எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு.

அதற்காக மணலைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆற்றுமணலின் பருக்கை நுரையீரல்வரை போக முடியாத அளவு பெரிது. கல்லை வெட்டும்போதும் துளைக்கும்போதும் அரைக்கும்போதும் பிறக்கிற நுண்தூள்தான் ஆபத்து. அப்போதுதான் உடைந்த துகளின் மேற்பரப்பு, பழைய தூசைவிட நுரையீரலை அதிகமாகப் புண்ணாக்கும் என்பதும் தெரிந்த விஷயம்.

எல்லோரும் செய்கிற முதல் தவறு, கண்ணை நம்புவது. "தூசு அடங்கிருச்சு, இனி உள்ளே போகலாம்" என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை இறங்குவது ஏறக்குறைய நான்கு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள். தலைமயிரின் தடிமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. இரண்டு மைக்ரோமீட்டர் துகள் ஒன்று, ஆடாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். காற்று கொஞ்சம் அசைந்தால் இன்னும் நேரம் மிதக்கும். மேசன் பாஸ் கல் வெட்டுகிற கிரைண்டரை நிறுத்திவிட்டு முகமூடியைக் கழற்றி அதே அறையில் தேநீர் குடிக்கிறாரே, அந்த நேரத்திலும் அவர் தூசைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறார்.

எவ்வளவு கூடாது என்று கேட்கலாம். அமெரிக்காவில் 2016-இல் வைத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். வேலை செய்கிற ஒருவர் அந்த நேரத்தில் ஏறக்குறைய பத்து கனமீட்டர் காற்றை உள்ளே இழுப்பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள் முழுவதற்கும் அரை மில்லிகிராம். சில உப்புப் பருக்கைகளின் எடை, அவ்வளவுதான். மூடிய அறையில் தண்ணீர் விடாமல் கிரைண்டரால் சீமெந்துக் கல்லை வெட்டினால் இந்த அளவை வெகு சீக்கிரம் தாண்டிவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. "இங்கே எந்நேரமும் பனியும் மழையும், தூசு எங்கே பறக்கப் போகிறது?" என்று நுவரெலியா, ஹட்டன் பக்கம் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூடுபனி இந்த நுண்துகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிடாது. தண்ணீர் உதவ வேண்டுமென்றால் வெட்டுகிற வட்டும் கல்லும் உரசுகிற அதே இடத்தில், தூள் பறப்பதற்கு முன்பே விழ வேண்டும். நாம் செய்வதோ நேர் எதிர்: குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே டைல்ஸ் வெட்டுகிறோம்.

அப்புறம் கைக்குட்டை. மூக்கைச் சுற்றித் துணி கட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பது, ஒன்றும் கட்டாமல் இருப்பதைவிட ஒரு வகையில் மோசம். கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் ஆள் இன்னும் நெருங்கிப் போய் வெட்டுவார். துணி பெரிய தூசைத்தான் தடுக்கும். கொரோனாக் காலத்தில் போட்ட மெல்லிய நீல முகமூடியும் முகத்தோடு ஒட்டாது, ஓரங்களால் காற்று உள்ளே வரும். குறைந்தபட்சம் என்95 வகை வேண்டும். அதுவும் இரண்டு பட்டியும் தலைக்குப் பின்னால் இருந்து, மூக்குக் கம்பியை அழுத்தி, தாடி மழித்த முகத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். ஒரே முகமூடியை வாரக்கணக்கில் கழுவிக் கழுவிப் போடுவதில் பயனில்லை. நாள் முழுவதும் வெட்டுகிறவருக்கு, வடிகட்டி மாற்றக்கூடிய ரப்பர் முகமூடிதான் பொருத்தம்.

ஆனாலும் முகமூடி கடைசிக் காவல்தான். முதல் காவல் தூசையே உண்டாக்காமல் இருப்பது. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் இதற்குப் பெரிய செலவு இல்லை. தரை ஓட்டைக் கையால் கீறி முறிக்கிற கட்டர் இருக்கிறது. நேர் வெட்டுக்கு அதுவே போதும், தூசு இல்லையென்றே சொல்லலாம். சீமெந்துக் கல்லைப் பாதியாக்க கிரைண்டர் எதற்கு, உளியும் சுத்தியலும் போதுமே. பாறையில் துளை போடுகிற இயந்திரத்துக்குத் தண்ணீர்க் குழாயோடு வருகிற வகைகள் உண்டு. கல் உடைக்கிற கிரஷரில் கல் விழுகிற வாயிலும் சல்லி கொட்டுகிற நுனியிலும் தண்ணீர் தெளிக்கலாம். மின்சாரக் கருவியாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: தண்ணீருக்கென்று செய்யாத சாதாரண கிரைண்டர்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஆளையே கொன்றுவிடும். தண்ணீர் வசதியோடு வருகிற கருவியை, மின்சாரம் கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும் பாவியுங்கள். முதுகில் மாட்டுகிற டேங்கால் தெளிப்பதானால், களைநாசினி அடித்த டேங்கை எடுக்காதீர்கள்.

தண்ணீர் பாவித்தால் சேறு மிஞ்சும். அதை அப்படியே விட்டால் காய்ந்து மறுபடியும் தூசாகும். ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். காய்ந்த தரையை விளக்குமாற்றால் பெருக்குவதும், கொம்பிரசர் காற்றால் உடுப்பையும் இயந்திரத்தையும் ஊதுவதும் அடங்கிய தூசை மறுபடி மூக்குக்கே அனுப்பும் வேலை. உடுப்பை வேலைத்தளத்திலேயே மாற்றி, ஒரு பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். வீட்டில் உதறாமல் முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பெரும்பாலும் அந்த உடுப்பைத் துவைப்பது வீட்டுப் பெண்கள். தூசு அவர்களையும் போய்ச் சேரக் கூடாது.

தேயிலைத் தொழிற்சாலை ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. தேயிலைத் தூசு சிலிக்கா இல்லை. அதனால் மூச்சிழுப்பு வரலாம், ஆனால் அது வேறு கதை. ஆபத்து இருப்பது உலர்த்திக்குச் சூடு கொடுக்கிற விறகுப் போரணைக்குள். அதன் உட்சுவரில் உள்ள தீச்செங்கல்லை சில வருடத்துக்கு ஒருமுறை உடைத்து மாற்றுவார்கள். தீச்செங்கல்லில் சிலிக்கா உண்டு, கடும் சூட்டில் அதில் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு படிகமாகவும் மாறலாம். அதுவும் குவார்ட்ஸ் போலவே நுரையீரலைக் கெடுக்கும். போரணை என்பது ஒரே ஒரு வாய் உள்ள சின்ன அறை. அதற்குள் ஆள் குனிந்து நின்று சுத்தியலால் உடைக்கிறார். மூன்று நாள் வேலைதானே என்று துணிகூடக் கட்டாமல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். நனைத்து நனைத்து உடைக்கச் சொல்லுங்கள், சரியான முகமூடி கேளுங்கள்.

எல்லாக் கல்லும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட் தூளில் சிலிக்கா மிகக் குறைவு. சுண்ணக்கல்லும் வெள்ளை மார்பிளும் அப்படியே. நேர்மாறானது, இப்போது சமையலறைப் பென்ட்ரி மேசைகளுக்குப் போடுகிற செயற்கைக் குவார்ட்ஸ் பலகை. பழைய வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிலிக்கா. இதை வெட்டிய இளைஞர்கள் சில வருடங்களிலேயே நுரையீரல் இழந்ததால் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் இந்த வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள், கையில் எடுக்கிற பலகை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும், மாலையில் ஒரு கிளாஸ் போட்டால் தொண்டை கழுவிப் போகும் என்பார்கள். சாப்பாடு போகிற வழி வேறு, மூச்சு போகிற வழி வேறு. காற்றறைக்குள் போன துகளை உடம்பின் காவல் வெள்ளையணு விழுங்கும், அதைச் செரிக்க முடியாமல் தானே செத்துப்போகும். துகள் வெளியே வந்து அடுத்த அணுவைக் கொல்லும். இப்படியே தழும்பு விழுந்து நுரையீரல் விறைத்துவிடுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை ஆற்ற மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரலாம்.

"இருபது வருடமாகச் செய்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை" என்ற பேச்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமான சிலிக்கோசிஸ் வெளியே தெரியப் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும். தூசு மிக அதிகமென்றால் ஐந்து முதல் பத்து வருடம். இன்னும் கடுமையானால் சில மாதங்களிலேயே வரும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் நீர்மின் திட்டத்துக்காகச் சிலிக்கா நிறைந்த மலையைத் தண்ணீர் விடாமல் குடைந்தார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். மேல் கொத்மலை, உமா ஓயா நீர்த்திட்டங்களுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் கண்ட நாட்டில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நுரையீரல் புற்றுநோய்க்கும் இந்தத் தூசு காரணமாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997-இலேயே இதை முதலாம் பிரிவில், அதாவது மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலில் வைத்துவிட்டது. சிறுநீரகமும் கெடலாம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு எல்லாமே இரட்டிப்புப் பாரம்.

கடைசித் தவறு எங்கள் வீட்டில் நடந்தது: செய்த வேலையைச் சொல்லாமல், காசநோய் என்று மட்டும் நினைத்து மருந்து சாப்பிட்டது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் தொற்றுகிற வாய்ப்புப் பல மடங்கு அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்று போலத் தெரியவும் கூடும், இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். அதனால் தொடர் இருமல், மூச்சு வாங்கல், மெலிவு இருந்தால் மாவட்ட மார்பு நோய் கிளினிக்குக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரசாங்கத்தில் இலவசம். கூடவே எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் கேளுங்கள். இருமல் இல்லாதவர்களும், வேலையை எப்போதோ விட்டவர்களும்கூட ஒரு தடவை போய்க் காட்டுவது நல்லது.

போகும்போது கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் கொண்டு போங்கள்: என்ன கல், என்ன கருவி, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை, தண்ணீர் பாவித்தீர்களா, முகத்தில் என்ன போட்டிருந்தீர்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வையுங்கள்.