குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டத் தொடங்கி 6 ஆண்டுகள் ஆகின்றன. அண்மையில் புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்கள் மூவர் வாசிப்பதை ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன்; நான் தொடக்கத்தில் செய்த பிழைகளை அவர்கள் வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தார்கள். படத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பிக் காட்டுவது, கைப்பேசியை அணைத்துவைப்பது போன்றவற்றை எவரும் இரண்டு வாரங்களில் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடுவில் நிறுத்திக் குழந்தையை வாசிக்கச் சொல்வது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். முதலையின் முதுகில் ஏறிய குரங்கு நடு ஆற்றுக்கு வந்துவிட்டது, குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள், அந்த நேரம் பார்த்து, "எங்கே, இந்த வரியை நீ படி பார்ப்போம்" என்று புத்தகம் ஏழு வயதுப் பையன் ஒருவனின் கைக்குப் போகிறது. அவன் விரலை வைத்து, "ஆ... ற்... றி... ன்" என்று எழுத்துக் கூட்டுகிறான். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். தட்டுத் தடுமாறி அவன் அங்கே போய்ச் சேர்வதற்குள் யார், எங்கே, எதை என்பதெல்லாம் அவன் நினைவிலிருந்து நழுவிவிடும். போதாக்குறைக்கு, "பழம்" என்பதை அவன் "பளம்" என்றதும், ழகரத்தைத் திருத்த நாலு பேர் முந்துவார்கள்.

என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதையே நானும் செய்தேன். அதுவரை இரவுதோறும் அவளாகவே புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் போடுவாள். வாசிப்பில் பின்தங்குகிறாள் என்று பள்ளியில் சொன்னதைக் கேட்டுப் பதறி, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவள் என்று சட்டம் போட்டேன். பத்தாம் நாள், "தூக்கம் வருதுப்பா" என்றாள். அந்தப் புத்தகத்தைச் சில வாரங்கள் கழித்து அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்தோம். அவளாக இன்னொரு புத்தகத்தை என்னிடம் கொண்டுவர ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

எழுத்துக் கூட்டிப் பழகத் தனி நேரமும் தனிப் புத்தகமும் வேண்டும். குழந்தை நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் 4 நிலைகளாகப் பிரிக்கப்பட்ட தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. குழந்தை தானாக வாசித்துப் பழக முதல் நிலையையும், நீங்கள் வாசித்துக் காட்ட மூன்றாம், நான்காம் நிலைகளையும் எடுத்துக்கொள்ளலாம். ஏனெனில் அந்த வயதில் குழந்தை தானாக வாசித்துப் புரிந்துகொள்வதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது மிக அதிகம்.

கதையின் நீதி என்னவென்று கேட்பது

கேட்காதீர்கள்.

முழுவதையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிடுவது

குழந்தைகளுக்குப் புரியாது என்று அஞ்சி, "சென்றான்" என்று அச்சிட்டிருப்பதைப் "போனான்" என்றும், "திகைத்தான்" என்பதை "முழிச்சான்" என்றும் மாற்றிச் சொல்கிறார்கள். உரையாடல்களைப் பேசுவதுபோல வாசிக்கலாம். கதை சொல்லும் வரிகள் அச்சில் உள்ளபடியே இருக்கட்டும். வீட்டிலும் தெருவிலும் எழுத்துத் தமிழைக் கேட்க வாய்ப்பில்லாத குழந்தைக்கு, பாடநூலில் அதைச் சந்திக்கும் முன் காது பழகும் இடம் இந்தக் கதைநேரம்தான். கடினமான சொல் வந்தால் போகிற போக்கில் பொருளைச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். "திகைத்தான்" என்பதை நான் மாற்றாமல் வாசித்த அடுத்த வாரம், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, "கரண்டு போனதும் எங்க பாட்டி திகைச்சுட்டாங்க" என்றாள்.

முன்னதாக ஒருமுறை வாசித்துப் பார்க்காமல் உட்காருவது

அது நாய் இறந்துபோகும் கதை என்பது ஒருமுறை எனக்கே கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. எதிரே இருந்த பையன் தன் நாயைப் பறிகொடுத்து இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன.

தானாக வாசிக்கத் தெரிந்ததும் நிறுத்திவிடுவது

குறைந்தது ஐந்தாம் வகுப்பு முடியும்வரையாவது தொடருங்கள். தானாக எடுத்துப் படிக்கத் தயங்கும் தடித்த நூல்களை, நாளுக்கு ஓர் அத்தியாயமாக நீங்கள் வாசித்துக் காட்ட ஏற்ற வயது அதுவே.

"மறுபடியும் அதே கதையா?" என்று சலித்துக்கொள்வது

ஆமாம், அதே கதைதான். வாசியுங்கள்.