செடி வாடினால் உடனே தண்ணீரா?

மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் பூசணி இலைகளைப் பாருங்கள். மடக்கிய குடை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

வேர்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது என்ற நினைப்பில் வருவது இது. இழுப்பது இலை. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகப் போகப்போக, பின்னால் இருக்கும் நீர் அறுபடாமல், வேரிலிருந்து இலைவரை ஓடும் சைலம் என்ற மெல்லிய நீர்க்குழாய்களில் மேலேறுகிறது. அயர்லாந்தைச் சேர்ந்த டிக்சனும் ஜோலியும் 1894-ல் கொடுத்த விளக்கம் இது. அந்தக் குழாய்கள் உயிரற்ற செல்களால் ஆனவை. உள்ளே பம்பு எதுவும் கிடையாது. வேர் அழுத்தம் என்று ஒன்று உண்டுதான். விடிகாலையில் தக்காளி இலை ஓரத்தில் வரிசையாக நிற்கும் சொட்டுகள் அதன் வேலை. நாம் அதைப் பனி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கலிபோர்னியாவில் 100 மீட்டருக்கு மேல் வளர்ந்து நிற்கும் ரெட்வுட் மரங்களின் உச்சிக்கு நீரேற்ற அந்த அழுத்தம் எந்த மூலைக்கு?

சரி, பூசணிக்கு வருவோம். மதிய வெயிலில் இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். பொழுது சாயும்போது நிமிர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். தேங்காய் நார்க்கழிவு கலந்த பையில் மேல்பரப்பு காய்ந்து வெளுத்திருக்கும், இரண்டு அங்குலம் உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்துவிட்டுத் தினமும் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுவிட முடியாத வேர் தண்ணீருக்குள்ளேயே கிடந்தாலும் அதை உறிஞ்சாது. செடி வாடும், தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், வேர் அழுகிவிடும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் பழுப்புத் தோல் கையோடு உருவிக்கொண்டு வரும், நாற்றமும் அடிக்கும். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

உரம் இன்னொரு வம்பு. சின்னத் தொட்டியில் ஒரு கைப்பிடி டிஏபியைக் கொட்டினால் மண்ணில் உள்ள நீரில் உப்பு ஏறிவிடும். வேரை நோக்கி வரவேண்டிய நீர் வர மறுக்கும். உப்பு மிஞ்சினால் வேரிலிருந்தே வெளியேறும். இலை ஓரம் கருகும். கை தவறிப் போட்டுவிட்டால் மட்டும், அடித்துளை வழியாக வழிந்தோடும்படி நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

மரங்களுக்குத் தூரிலேயே குழாயை வைத்துவிட்டுப் போவதில் பெரிய பயன் இல்லை. நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் இளவேர்களின் நுனிப்பக்கம் இருக்கும் வேர்த்தூவிகள். தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுக்கச் சொல்வது அதனால்தான்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது அறுவதும் இந்தத் தூவிகள்தான். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் வேரால் குடிக்க முடியாது. எனவே இலையின் இழுப்பைக் குறைக்க வேண்டும். வெயில் தாழ்ந்தபின் நடுங்கள், புதுவேர் பிடிக்கும்வரை நான்கைந்து நாள் நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். வேர் மண்ணோடு வந்த குழித்தட்டு நாற்று என்றால் இவ்வளவு பாடு இல்லை.