கையறுநிலைப் பாடல்களை வாசிக்க ஒரு வழி

கையறுநிலை எனப்படும், இழப்பின் துயரில் இறந்தவரைப் பாடும் கவிதையில் பூவோ நிலவோ வந்தால், அது எதற்கு உவமை என்று உடனே தேடாமல், அந்த இழப்புக்குப் பிறகும் அது தன் இயல்பில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் துயரம் அங்கேதான் தொடங்குகிறது.

புறநானூற்றின் 242ஆம் பாடல், ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடியது. இளையோர் சூடவில்லை, வளையணிந்த மகளிர் கொய்யவில்லை, பாணன் யாழின் கோட்டால் மெல்ல வளைத்துப் பறித்துச் சூடவில்லை, பாடினியும் அணியவில்லை என்று நான்கு மறுப்புகளை அடுக்கும் புலவர், எந்தப் பூ என்பதைக் கடைசி அடி வரை சொல்வதில்லை. சாத்தன் மாய்ந்த செய்தியே ஐந்தாம் அடியில்தான் வருகிறது. ஆறாம் அடியில், நீயும் பூத்தாயோ என்று முல்லையைக் கேட்பதோடு பாடல் முடிந்துவிடுகிறது. கண்ணீர் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முல்லை செய்த தவறும் ஏதுமில்லை. பருவம் வந்தது, பூத்தது. அந்தக் குற்றமின்மையே கேள்வியைக் கூர்மையாக்குகிறது என்பது என் கருத்து.

112ஆம் பாடலில் பாரி மகளிர் இதே முறையை இன்னும் சிக்கனமாகக் கையாள்கிறார்கள். அன்றும் வெண்ணிலவு, இன்றும் வெண்ணிலவு. இடையில் தந்தை பாரியும், பகைவேந்தர் கைப்பற்றிய அவர்களின் குன்றும் போய்விட்டன. மாறாதவற்றை ஒரு பக்கமும் மாறியவற்றை மறுபக்கமும் எழுதிப் பார்த்தால், அடைமொழி பெற்றவை நிலவும் பகைவேந்தரின் முரசும்தான் என்பதும், தந்தைக்கு ஒன்றுமே தரப்படவில்லை என்பதும் தெரியவரும்.